வேலையும் வேளையும் – 14: தறிக்குழியும் ஷிப்ட் பலகையும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில், வேலை நேரத்தை நேர் எதிரான இரண்டு முறைகளில் நடத்தும் ஊர்கள் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. வத்திராயிருப்புப் பக்கத்துச் சுந்தரபாண்டியம் கைத்தறி ஊர். தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நெசவாளி எத்தனை மணிக்குத் தறியில் இறங்கினார், எத்தனை மணிக்கு ஏறினார் என்று கேட்க ஆளில்லை. ராஜபாளையம் மில் ஊர். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலம் முதல் அங்கே பல குடும்பங்களின் சாப்பாடும் தூக்கமும் ஷிப்டைப் பார்த்தே நடந்து வந்திருக்கின்றன. நெகிழ்வான வேலை நேரம் என்றாலே அது சென்னை, பெங்களூரு ஐ.டி. கம்பெனிக்காரர்களின் சமாசாரம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அதைப் புரிந்துகொள்ள இந்த வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்பது என் எண்ணம். நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளியிடம் இருந்து, வருமானம் எவ்வளவுக்குக் கீழே போகாது என்ற உறுதியை வேலை கொடுப்பவர் தந்தால், இரு தரப்புக்கும் லாபம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் யாராவது ஒருவர் நட்டப்படுகிறார். பெரும்பாலும் அது தொழிலாளிதான். சுந்தரபாண்டியத்தில் முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை. ராஜபாளையத்தில் இரண்டாவது ஓரளவு இருக்கிறது, முதலாவது இல்லை.

முதலில் தறியைப் பார்ப்போம். குழித்தறி நெசவில் ஒரு நாள் என்பது தொடர்ச்சியான எட்டு மணி நேரம் அல்ல. விடியற்காலையில் கொஞ்சம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு கொஞ்சம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம், இரவு விளக்கு வெளிச்சத்தில் கொஞ்சம் என்று நெசவு துண்டு துண்டாகப் போகும். கல்யாண வீடு, திருவிழா, உடம்பு சரியில்லாத மாமியார் எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. ஆனாலும் இது கட்டுப்பாடே இல்லாத வேலை என்று நினைத்துவிடக் கூடாது. பாவைத் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போடும் வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். அதற்குப் பல கைகள் ஒரே நேரத்தில் வேண்டும். அந்தக் காலை நேரத்தில் மட்டும் எல்லோரும் வந்தாக வேண்டும். மற்ற நேரம் அவரவர் வசதி. இன்று மேலாண்மைப் பாடப் புத்தகங்கள் பரிந்துரைக்கும் ஏற்பாடும் இதுதான்: எல்லோரும் கட்டாயம் இருக்க வேண்டிய நடு நேரம் ஒன்று, அதற்கு முன்னும் பின்னும் அவரவர் விருப்பம். நெசவுத் தெருக்கள் இதைப் புத்தகம் படித்துக் கற்கவில்லை.

இவ்வளவு சுதந்திரம் இருந்தும் நெசவாளியின் பிள்ளை ஏன் தறியில் உட்கார மறுக்கிறான்? நேரம் நெசவாளியின் கையில் இருக்கிறதே தவிர, கூலி அவர் கையில் இல்லை. கூலி சேலைக்கு இவ்வளவு என்று கணக்கு. கூட்டுறவுச் சங்கமோ மாஸ்டர் வீவரோ பாவும் நூலும் கொடுத்தால்தான் அந்தச் சேலையும் உண்டு. ஐப்பசி மழையில் தறிக்குழியில் ஈரம் ஊறி வேலை நின்றால் அந்த நாட்களின் இழப்பு முழுவதும் நெசவாளியுடையது. தீபாவளிக்கு முன்னால் அவசர ஆர்டர் வந்தால் தூக்கமும் அவருடைய கணக்கில்தான் கழியும். கூலி போதாதபோது, எப்போது வேண்டுமானாலும் நெய்யலாம் என்பது எப்போதும் நெய்துகொண்டே இருக்க வேண்டும் என்றாகிவிடுகிறது. இதில் கணக்கில் வராத இன்னோர் ஆளும் இருக்கிறார். தார் சுற்றுவது, நூல் இழைப்பது, அறுந்த இழையைப் பிணைப்பது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், முதியவர்கள் வேலை. சேலைக்குக் கொடுக்கும் ஒற்றைக் கூலிக்குள் இரண்டு மூன்று பேரின் உழைப்பு அடங்கிவிடுகிறது. 2019–20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள். அவர்களில் 72 சதவீதத்துக்கு மேல் பெண்கள். வீட்டிலிருந்தே, விரும்பிய நேரத்தில் செய்யும் வேலையில் நம் நாட்டுக்குள்ள அனுபவம் கொரோனாவோடு தொடங்கியது அல்ல. அதன் நன்மை தீமை இரண்டுக்கும் இந்தத் தறி வீடுகளே நீண்ட காலச் சாட்சி.

மில்லில் நிலைமை தலைகீழ். மாதச் சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., போனஸ் எல்லாம் நிரந்தரத் தொழிலாளிக்கு உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்றது. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை குறைந்தது அரை மணி நேர ஓய்வு என்றது. இவை சும்மா கிடைத்தவை அல்ல. 1918இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் காலத்திலிருந்து நடந்த போராட்டங்களின் பலன்கள். ஆனால் பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று சுற்றி வரும் வரிசையில் தன் முறை எது என்பதைத் தொழிலாளி தேர்ந்தெடுக்க முடியாது. பலகையில் எழுதியிருப்பதுதான் அவருடைய வாரம். மகளுக்குப் பள்ளியில் கூட்டம் என்றால் இரண்டே வழி: சூப்பர்வைசரிடம் கெஞ்சுவது, இல்லாவிட்டால் ஆப்சென்ட் ஆவது.

வேலை நேரம் இப்படி இறுகியதையும் பிறகு தளர்ந்ததையும் பார்த்தால், 1967ஆம் ஆண்டில் ஒரு பொருத்தம் உண்டு. அந்த ஆண்டுதான் இங்கிலாந்து வரலாற்றாசிரியர் எட்வர்ட் தாம்ஸன், தொழிற்சாலைக் கடிகாரம் உழைப்பாளியின் வாழ்க்கைக்குள் எப்படிப் புகுந்தது என்று விளக்கிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். அந்நாட்டுக் கைத்தறி நெசவாளிகளும் திங்கட்கிழமையைச் சோம்பலாகக் கழித்துவிட்டு வாரக் கடைசியில் மும்முரமாக நெய்தவர்கள்தான். மில்கள் வந்துதான் அந்தப் பழக்கத்தை ஒழித்தன என்று அவர் எழுதினார். அதே ஆண்டில், மியூனிக் அருகே ஓட்டோபுரூனில் இருந்த ஜெர்மானிய விமான நிறுவனம் ஒன்று அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சம் தளர்த்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததால் சாலையும் வாசலும் திணறின. குறிப்பிட்ட இடைவெளிக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், மொத்த மணி நேரத்தை நிறைவு செய்தால் போதும் என்று நிர்வாகம் அனுமதித்தது. தொழிலாளர் நலனுக்காக ஆரம்பித்த ஏற்பாடு அல்ல அது. போக்குவரத்து நெரிசலுக்குத் தேடிய தீர்வு. பின்னர் ஐரோப்பா முழுவதும் அது பரவியதற்கு முதலாளிகள் அதில் கண்ட லாபமும் ஒரு காரணம்.

அந்த லாபத்தைப் பிறகு முறையாக அளந்திருக்கிறார்கள். சீனாவின் சீட்ரிப் என்ற பயண நிறுவனம், ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் அவருடன் பணியாற்றியவர்களும் வகுத்த சோதனையை 2010–11இல் தன் கால் சென்டரில் நடத்தியது. விருப்பம் தெரிவித்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டது. ஒன்பது மாதத்தில் வீட்டில் இருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டு நிற்பவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். பலரும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்து நடந்தது. சோதனை முடிந்ததும் வீடா அலுவலகமா என்று அவரவரே முடிவு செய்யலாம் என்று நிறுவனம் அறிவித்தது. வீட்டில் தனிமை தாங்காமல் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். அப்படிச் சொந்த விருப்பப்படி பிரிந்த பிறகு பலன் 22 சதவீதமாக உயர்ந்தது. வீட்டுக்குப் போங்கள் என்று குலுக்கலில் அனுப்பியதைவிட, எது வேண்டும் என்று கேட்டுவிட்டதில் லாபம் அதிகம்.

கால் சென்டர் வேறு, மில் வேறு என்று உடனே சொல்வார்கள், நியாயம்தான். ஆள் நேரில் நின்றே ஆக வேண்டிய கடைகளிலும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கேப் துணிக்கடை நிறுவனம் 2015–16இல் சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ வட்டாரங்களின் 28 கடைகளில் ஆய்வாளர்களுக்கு இடம் கொடுத்தது. எல்லாக் கடைகளிலும் வேலை நேரப் பட்டியலை இரண்டு வாரம் முன்கூட்டியே தெரிவித்தார்கள். அவற்றில் சில கடைகளில் மட்டும் ஊழியர்கள் மேலாளரைக் கேட்காமலேயே தங்களுக்குள் ஷிப்டை மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள், ஒருவரின் நேரம் வாரத்துக்கு வாரம் தாறுமாறாக மாறாமல் பார்த்துக்கொண்டார்கள், சிலருக்கு வாரத்தில் இவ்வளவு மணி நேரம் வேலை நிச்சயம் என்றும் உறுதி கொடுத்தார்கள். அந்தக் கடைகளில் விற்பனை 7 சதவீதமும், ஓர் ஊழியர் மணிக்கு ஈட்டித் தரும் விற்பனை 5 சதவீதமும் கூடின. இங்கே யாரும் வீட்டிலிருந்து வேலை செய்யவில்லை, வேலை மணியைக் குறைப்பதும் சோதனையின் நோக்கம் அல்ல. தன் வாரம் எப்படி இருக்கும் என்று முன்னமே தெரிவது, தேவைப்பட்டால் அதை மாற்றிக்கொள்வது ஆகியவைதான் தொழிலாளிக்கு முக்கியமாகக் கிடைத்தவை. நம் மில்களுக்கும் ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணிப் பட்டறைகளுக்கும் சீட்ரிப்பைவிட இந்தச் சோதனைதான் நெருக்கமானது.

ஸ்பின்னிங் மில்லில் லாப நட்டம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். நூல் நூற்கும் ரிங் பிரேமில் சைடராக நின்று பக்கங்களைப் பார்க்கும் தொழிலாளி ஒருவர் திடீரென வராவிட்டால் அவருடைய பக்கங்களைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அவர்களால் எல்லா இடத்துக்கும் ஓடி அறுந்த இழையைப் பிணைக்க முடியாது. இழை பிணைக்கப்படும்வரை அந்த ஸ்பிண்டிலில் நூல் இறங்காது; வரும் பஞ்சு உறிஞ்சப்பட்டுக் கழிவுப் பெட்டிக்குப் போகும். அதாவது மோட்டார் ஓடும், கரண்ட் செலவாகும், பஞ்சு வீணாகும், நூல் மட்டும் குறையும். சம்பளச் செலவில் இது தெரியாது. வேஸ்ட் கணக்கில் தெரியும். பதிலித் தொழிலாளி என்ற ஏற்பாடே இப்படித் திடீரென வராமல் போகிறவர்களைச் சமாளிக்க மில்கள் கண்டுபிடித்ததுதான். வரமாட்டேன் என்று மூன்று நாள் முன்பே சொல்லி, மாற்று ஆளையும் தானே ஏற்பாடு செய்யும் தொழிலாளி, சொல்லாமல் நிற்கும் தொழிலாளியைவிட மில்லுக்கு எவ்வளவோ மலிவு. ஆனால் சொன்னால் திட்டு, சொல்லாவிட்டால் ஒரு நாள் சம்பளம் மட்டும் பிடித்தம் என்ற நிலையில் யார் முன்கூட்டிச் சொல்வார்கள்?

இதைவிடப் பெரிய நட்டம் வேறொன்று. தமிழக மில்கள் இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து ஆள் கூட்டி வந்து விடுதி கட்டித் தங்க வைக்கின்றன. அவர்களை வேலை பழக்குகின்றன. அவர்கள் ஊருக்குப் போய்த் திரும்பாவிட்டால் மறுபடி புதியவர்களைப் பழக்குகின்றன. அதே மில்களைச் சுற்றியுள்ள ஊர்களில், கல்யாணத்துக்கு முன் நான்கைந்து வருடம் மில்லில் வேலை பார்த்து, இழை பிணைக்கும் கைவேகத்தோடு வீட்டில் இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். வாரம் ஒரு முறை மாறும் ஷிப்டும் கைக்குழந்தையும் சேர்ந்து நடக்காது என்பதால் நின்றவர்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் 40 சதவீதத்துக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்று நாம் பெருமைப்படுகிறோம், பெருமைக்குரியதுதான். ஆனால் 2024ஆம் ஆண்டு மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அப்படி வேலை செய்யும் ஆண்கள் 88 நிமிடம். இந்த ஏற்றத்தாழ்வு ஒரே நாளில் மாறாது. மாறும்வரை காத்திருக்கிறேன் என்று எந்த மில்லும் சொல்ல முடியாது. மேற்கு வங்கத்தில் நடந்த ஓர் ஆய்வில், வீட்டுப் பெண்களிடம் வழக்கமான அலுவலக வேலை என்று சொன்னபோது 15 சதவீதம் பேரே ஏற்றார்கள். வீட்டிலிருந்து, தங்கள் வசதிப்படி செய்யலாம் என்றதும் அது 48 சதவீதமாக உயர்ந்தது. ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பலில் பாதி, நேரம் கொடுக்காததன் விளைவு.

இதற்கு மில் நிர்வாகங்கள் தரப்பில் வரும் முதல் மறுப்பு, ஸ்பிண்டில் நிற்கக் கூடாது என்பது. கடன் வாங்கி வைத்த இயந்திரம் 24 மணி நேரமும் ஓடினால்தான் வட்டி கட்ட முடியும், அங்கே அவரவர் இஷ்டத்துக்கு வரச் சொன்னால் பிரேம் என்ன ஆவது என்று கேட்கிறார்கள். இயந்திரத்துக்கு வேண்டியது ஒவ்வொரு மணி நேரத்திலும் இத்தனை பழகிய கைகள் என்பதுதான். அது எந்த ஆளின் கை என்பதல்ல. இத்தனை பேர் என்ற எண்ணிக்கையை நிர்வாகம் நிர்ணயிக்கட்டும், யார் எந்த ஷிப்ட் என்பதைப் பயிற்சி பெற்றவர்கள் தங்களுக்குள் பேசி நிரப்பிக்கொள்ளட்டும். நிரந்தரமாக முழு நைட்டே வேண்டும் என்று கேட்பவரும் இருப்பார். பகலில் தோட்டம் பார்ப்பவராக இருக்கலாம். உடல்நலம் கருதி அதற்கு வரம்பு வைக்கலாம். மூன்று எட்டு மணி ஷிப்ட்தான் இயற்கை விதி என்பதும் இல்லை. அமெரிக்காவின் பேட்டில் கிரீக் நகரில் கெல்லாக் தானியத் தொழிற்சாலை 1930 டிசம்பரில் நான்கு ஆறு மணி ஷிப்டுகளுக்கு மாறியது; அங்கே சில பிரிவுகளில் அந்த முறை 1985 வரை நீடித்தது. அதுவும் 24 மணி நேரம் ஓடிய ஆலைதான். நம் மில்களில் கோன் வைண்டிங், பேக்கிங் பிரிவுகளில் பள்ளிக்கூட நேரத்தை ஒட்டிய நான்கைந்து மணி நேர அரை ஷிப்டைச் சோதித்துப் பார்க்க எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. தடையாக இருக்கக்கூடியது பஸ். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கட்டணமில்லாத பஸ் காலை பத்து மணிக்கு மில் வழியாக வர வேண்டுமே.

இரண்டாவது மறுப்பு கனமானது, அதுவும் நம் சென்னையிலிருந்தே வருகிறது. டேவிட் அட்கின், ஆன்டுவானெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகியோர் சென்னையில் தகவல் பதிவு வேலைக்கு ஆள் எடுத்து, சிலரை வீட்டிலும் சிலரை அலுவலகத்திலும் குலுக்கல் முறையில் அமர்த்தினார்கள். வீட்டில் இருந்தவர்களின் வேலை 18 சதவீதம் குறைவாக இருந்தது. வீடே வேண்டும் என்று விரும்பியவர்கள் வீட்டில் வேலை செய்தபோது, அலுவலகத்தில் செய்திருக்கக்கூடியதைவிட 27 சதவீதம் பின்தங்கினார்கள். சீட்ரிப் முடிவுக்கு நேர் எதிர். இதை மழுப்பாமல் ஏற்க வேண்டும். சீட்ரிப்பின் ஷாங்காய் ஊழியருக்குத் தனி அறை வேண்டும் என்று நிறுவனம் நிபந்தனை போட்டிருந்தது. நம் வீடுகளில் ஓர் அறைக்குள் குழந்தையும் பாட்டியும் டி.வி.யும் இருக்கும்போது கணினி முன் உட்கார்வது வேறு கதை. ஆனால் அதே ஆய்வின் இன்னொரு முடிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வீட்டு வேலையை விரும்பியவர்கள்தான் தொடக்கத் தேர்வில் மற்றவர்களைவிட 12 சதவீதம் வேகமாகவும் பிழை குறைவாகவும் இருந்தார்கள். குழந்தை வளர்ப்பவர்கள், வசதி குறைந்த வீட்டுக்காரர்கள் அவர்களில் கூடுதல். அலுவலகத்துக்கு ஒன்பது மணிக்கு வா, இல்லாவிட்டால் வேண்டாம் என்கிற முதலாளி இந்தத் திறமைசாலிகளை இழக்கிறார். வீட்டிலேயே இரு என்கிற முதலாளி அவர்களின் திறமையில் கால் பங்கை இழக்கிறார். வேலையிடம் வீட்டுக்கு வெளியே, ஆனால் பக்கத்தில் இருந்து, நேரம் மட்டும் வளைந்து கொடுத்தால் இரண்டு இழப்பும் குறையும் என்பது என் ஊகம். ஸோஹோ நிறுவனம் 2011இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்தது இடத்தை ஊருக்குப் பக்கத்தில் கொண்டுவரும் முயற்சிக்கு உதாரணம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் சொன்னது. அது ஒழுங்காக நடந்தாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிடும்.

மூன்றாவது மறுப்பு தொழிற்சங்கங்களுடையது, எனக்கு மிகவும் உடன்பாடானதும் அதுதான். நெகிழ்வு என்ற பெயரில் எட்டு மணி நேர வேலையைப் பறிக்கப் பார்க்கிறார்கள் என்கிறார்கள். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா இந்தச் சந்தேகத்துக்குக் கைமேல் ஆதாரம். 65ஏ என்ற புதிய பிரிவின் மூலம், தினசரி வேலை நேரம், வார விடுமுறை, ஓவர்டைம் பற்றிய விதிகளிலிருந்து எந்த ஆலைக்கும் விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அது அரசுக்குத் தந்தது. நாளுக்கு 12 மணி நேரமாக நான்கு நாள் உழைத்தால் மூன்று நாள் விடுமுறை, விரும்புகிறவர்களுக்கு மட்டுமே, பெண்களுக்கு உதவியாக இருக்கும் என்று விளக்கம் சொன்னார்கள். ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மசோதா ஏப்ரல் 24இல் நிறுத்திவைக்கப்பட்டது; அது திரும்பப் பெறப்படுவதாக மே தினத்தன்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். அந்த மசோதாவில் விலக்குக் கேட்கும் வழி நிர்வாகத்துக்கு இருந்தது. எனக்கு இந்த நேரம் வேண்டும் என்று கேட்கும் உரிமை தொழிலாளிக்கு ஒரு வரியில்கூட இல்லை. பெண்களுக்கு உதவி என்ற வாதத்தைக் கூட்டிப் பார்த்தால் என்ன வருகிறது? 12 மணி நேரம் ஆலையில், சராசரி 289 நிமிடம் வீட்டில். மொத்தம் 16 மணி 49 நிமிடம். மிஞ்சும் 7 மணி 11 நிமிடத்துக்குள் பஸ், குளியல், சாப்பாடு, தூக்கம் எல்லாம். சங்கங்கள் எதிர்த்தது சரி. ஆனால் எதிர்ப்போடு நின்றுவிட்டது சரியல்ல என்பேன். முதலாளி கையில் இருக்கும் நெகிழ்வு வேண்டாம் என்று சொன்னவர்கள், தொழிலாளி கையில் நெகிழ்வைக் கொடு என்று ஒரு மாற்று மசோதாவை மேசையில் வைத்திருக்க வேண்டும்.

அதற்கான இடம் சட்டத்திலேயே இருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, யாருக்கு எந்த நேரம் என்பதை அறிவிப்பாக ஒட்ட வேண்டும் என்றது. 63ஆம் பிரிவு, அந்த அறிவிப்புக்கும் பதிவேட்டுக்கும் மாறாக யாரும் வேலை செய்யக் கூடாது என்றது. ஏமாற்றி அதிக நேரம் வேலை வாங்குவதைத் தடுக்க எழுந்த நல்ல விதிதான். ஆனால் இரண்டு தொழிலாளிகள் தங்களுக்குள் ஒத்துப்பேசி ஒரு நாள் ஷிப்டை மாற்றிக்கொள்வதையும் அது சங்கடமாக்கியது. தொழிலாளியே எழுத்தில் கேட்டால் மாற்றலாம், அதனால் யாருக்கும் 48 மணி நேர வரம்பு மீறாது, இரட்டை ஓவர்டைம் குறையாது, கேட்டதற்காகத் தண்டனை இல்லை என்று நான்கு வரி சேர்த்திருந்தால் அது உண்மையான சீர்திருத்தம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அவற்றில் நாளுக்கு எட்டு மணி நேர வரம்பு உண்டு. அந்த எட்டு மணியை ஒரு நாளில் எவ்வளவு நேரத்துக்குப் பரப்பலாம் என்பதை அரசின் அறிவிக்கை தீர்மானிக்கும். பிரிட்டனில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வேலை நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கும் உரிமை 2024 ஏப்ரல் முதல் இருக்கிறது. முதலாளி மறுக்கலாம், ஆனால் காரணம் சொல்ல வேண்டும். நம் மகப்பேறு நலச் சட்டத்திலும், பேறுகால விடுப்புக்குப் பின் வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்ற பிரிவு 2017இல் சேர்ந்தது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமில்லை, இருப்பதை ஷிப்ட் தொழிலாளி வரை நீட்டினால் போதும்.

தறிக்கு வேண்டியது வேறு. நெசவாளிக்கு யாரும் புதிதாக நேரச் சுதந்திரம் கொடுக்கத் தேவையில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. மாதத்துக்கு இத்தனை பாவு நிச்சயம் என்ற உறுதி, மழை நாட்களுக்கு ஈடு, விலைவாசியோடு சேர்ந்து ஏறும் கூலி, தார் சுற்றுகிறவர் பெயரும் கூலிப் புத்தகத்தில் தனியே ஏறுவது ஆகியவைதான் வேண்டும். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸும் ஊர்தோறும் உள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் ஏற்பட்டதே இடைத்தரகரிடம் நெசவாளி பறிகொடுத்ததை மீட்பதற்காக. பாவு நிச்சயம் என்ற நிலை வந்தால் சங்கத்துக்கும் லாபம்தான்: எந்த மாதம் எவ்வளவு சரக்கு வரும் என்று தெரியும், அவசர ஆர்டரில் தரம் கெடுவது குறையும், மில் வேலைக்குப் போய்விடும் இளைஞர்களில் சிலராவது தறியில் தங்குவார்கள். எல்லோரும் தங்குவார்கள் என்று நான் நம்பவில்லை.

ராஜபாளையத்தில் மில் நடத்துகிறவர்களுக்கும் அங்குள்ள தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு மில்லில், ஒரே ஒரு பிரிவில், ஆறு மாதத்துக்கு, ஷிப்ட் பட்டியலை இரண்டு வாரம் முன்னால் ஒட்டுங்கள். பழகியவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள அனுமதியுங்கள். பள்ளி நேர அரை ஷிப்ட் ஒன்றை, நின்றுபோன உள்ளூர்ப் பெண்களுக்கென்று திறந்து பாருங்கள். எட்டு மணி நேரத்தையும் ஓவர்டைம் விகிதத்தையும் தொடாதீர்கள். ஆப்சென்ட், வேஸ்ட், வேலையை விட்டு நின்றவர்கள் என்ற மூன்று கணக்கையும் முன்னும் பின்னும் எழுதி வையுங்கள். மூன்றும் மில்லின் பதிவேட்டில் ஏற்கெனவே இருப்பவைதான். புதிதாகச் செலவு எதுவும் இல்லை. ஷாங்காயிலும் சிகாகோவிலும் எடுத்த கணக்கு நமக்குப் பொருந்துமா என்ற விவாதத்தை அந்தப் பதிவேடு தீர்த்துவிடும். அடுத்த வாரம், கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை கொடுத்த 2021ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம்.

(தொடரும்)